நீங்கள் தலையாட்டிய கூட்டம்

அங்கிள்,

இன்று காலை தண்ணீர் லாரி வாசலில் ஹாரன் அடித்தது. பல் தேய்த்துக்கொண்டிருந்த நான், கீழ்வீட்டில் உங்கள் கதவு திறக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். நீங்கள் இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

மேடவாக்கத்தில் எங்கள் அடுக்ககத்துக்கு லாரி வந்தால், தரைத் தொட்டியின் மூடியைத் திறந்து நிரப்புவது உங்கள் வேலை. யாரும் கொடுத்ததில்லை, ரிட்டயர் ஆனதும் நீங்களே எடுத்துக்கொண்டது. முதல் தண்ணீரை உள்ளங்கையில் பிடித்து முகர்ந்து பார்ப்பீர்கள்.

"ஏம்பா, இத உங்க வீட்ல குடிப்பியா?"

"இன்னா சார், நேத்தும் இதே தண்ணிதான்" என்பார் டிரைவர்.

பிறகு ஹாரன் உங்களுக்குக் கேட்காமல் போகத் தொடங்கியது. ஒருநாள் லாரி நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. காது மிஷின் வாங்கலாம் என்று ஆன்ட்டி சொன்னால், "எனக்கு நல்லாத்தான் கேக்குது, நீதான் முணுமுணுக்கற" என்பீர்கள்.

அந்த வாரம் கார் நிறுத்தும் இடத்தில் அசோசியேஷன் கூட்டம். பெரிய ஃபேன் இரைந்துகொண்டிருந்தது. "சார், இனிமே வாட்ச்மேனே லாரிய பாத்துக்கட்டும். ஓகேதானே?" என்று செயலாளர் சிரித்தபடி கேட்டார். நீங்களும் சிரித்து, "ஓகே, ஓகே" என்று தலையாட்டினீர்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நீங்களும் தட்டினீர்கள்.

மறுநாள் மூடியை நெம்பும் கம்பியோடு வந்தீர்கள். வாட்ச்மேன் ஏற்கெனவே திறந்துவிட்டிருந்தார். பள்ளிக்குக் கிளம்பிய நான் உங்கள் எதிரே நின்று, கூட்டத்தில் நடந்ததை நிதானமாகச் சொன்னேன்.

"நானா ஓகேன்னேன்?"

"ஆமா அங்கிள். கைகூட தட்டினீங்க."

கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனீர்கள்.

அடுத்த கூட்டத்துக்குக் காதில் மிஷினோடு வந்தீர்கள். "போன தடவ என்ன கேட்டீங்கன்னே எனக்குத் தெரியாது. கேட்ட மாதிரி இருந்துட்டேன். இப்ப திரும்பக் கேளுங்க."

செயலாளர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"முடியாது சார்" என்றீர்கள்.

வாட்ச்மேன்தான் முதலில் சிரித்தார். "எனக்கும் அதான் சார் நல்லது."

கடைசிவரை லாரி உங்கள் பொறுப்பில்தான் இருந்தது.

இப்போது பத்தாம் வகுப்பில் எனக்குக் கடைசி பெஞ்ச், அங்கிள். ஜன்னலுக்கு வெளியே மெயின் ரோடு. மிஸ் நடத்துவதில் பாதி அந்த இரைச்சலில் போய்விடும். "புரிஞ்சுதா?" என்றால் வகுப்பே தலையாட்டும். நான் எழுந்து நிற்கிறேன். முன் பெஞ்சில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

"மிஸ், எனக்குக் கேக்கல."