ஏணியில் கிடந்த கோவைக்கொடி

அன்பு மகள் அருளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நடுவில் பத்து நாள் ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருந்தோம், அந்தக் குறையும் இப்போது தீர்ந்துவிட்டது. அங்கே டப்ளினில் நீயும் மாப்பிள்ளையும் குளிரைத் தாங்கிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, சந்தோஷமாக இருக்க அங்காளம்மனை வேண்டிக்கொள்கிறேன். தினமும் போனில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ குறுக்கே குறுக்கே பேசி என்னை முடிக்க விடமாட்டாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் போன் பண்ணு.

கிருமாம்பாக்கத்தில் இருக்கிற உன் சிநேகிதி அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு நீ அழுதாயாமே, மாப்பிள்ளை சொன்னார். அதில் நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழிக்கிறேன், பிறகு எனக்குத் தெரியாது என்று சொல்கிறேன், அதோடு முடிந்துவிடுகிறது. ஊர் நடுவில் உன்னை இப்படி நிற்க வைத்தது யார், இந்த வயதில் உனக்குத் தலைவி வேலை எதற்கு, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இரு என்று எனக்கு மெசேஜ் அனுப்பியிருந்தாய். வீடியோ எடுத்த புண்ணியவான் கேள்வியை விட்டுவிட்டு பதிலை மட்டும் பிடித்திருக்கிறான், அதனால் கேட்ட ஆள் யாரென்று உனக்குத் தெரியவில்லை. கேட்டது உன் அப்பாதான். கோபப்படாதே, மேலே படி.

நம் ஊர்ப் பக்கம் உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தபோது நீ ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாய், அந்த மெம்பர்களின் காலம் முடிந்த பிறகு வார்டு மெம்பரும் கிடையாது, தலைவரும் கிடையாது, தெருவில் தண்ணீர் வராவிட்டால் ஜனங்கள் பிடித்துக்கொள்வது குடிநீர்க் குழுத் தலைவியாகிய என்னைத்தான். அதனால் அக்டோபர் இரண்டாம் தேதி கிராம சபையில் ஆறு மாதம் நடந்த வேலைகளை நான்தான் வாசித்தேன். நன்றாகத்தான் வாசித்தேன் அருள், பெருமைக்குச் சொல்லவில்லை. தெற்குத் தெருவுக்குப் புதுக் குழாய் போட்டது, உடைந்த இரண்டு வால்வை மாற்றியது, காலையில் ஒரு மணி நேரம் வந்த தண்ணீரை ஒன்றரை மணி நேரமாக்கியது எல்லாம் சொன்னபோது கைதட்டினார்கள். கடைசியில், தண்ணீர் டேங்க் செப்டம்பர் பதினாறாம் தேதி கழுவிச் சுத்தம் செய்யப்பட்டது என்று வாசித்தேன். உனக்குத்தான் தெரியுமே, டேங்க் கழுவினால் கழுவிய தேதியையும் அடுத்து கழுவப்போகிற தேதியையும் கீழே தூணில் பெயின்ட்டில் எழுதி வைப்பார்கள். பால் சொசைட்டிக்குப் போகிற வழியில் புதுப் பெயின்ட் பளிச்சென்று தெரிந்தது, தேதியை நோட்டில் குறித்துக்கொண்டு வந்தேன், அதைத்தான் வாசித்தேன். வேறெதுவும் பார்க்கவில்லை.

யாருக்காவது கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றேன். பின் வரிசையில் உன் அப்பா எழுந்தார். கேட்கிறவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், தீர்மான நோட்டில் ஏற வேண்டும், அது சபை வழக்கம். முப்பத்தொரு வருஷமாக வாயால் சொல்லாத பெயரை மைக்கில் எப்படிச் சொல்வது, அருள்மொழி அப்பா கேட்கலாம் என்றேன், கூட்டமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. வீட்டில் ஏய் செல்வி என்று கூப்பிடுகிற மனுஷர் அங்கே, தலைவி அவங்களுக்கு ஒரு கேள்வி என்று ஆரம்பித்தார். பதினாறாம் தேதி டேங்க் கழுவுனதா சொன்னீங்க, எங்க நெலத்துப் பக்கம் இருக்கிற டேங்க் ஏணியில கோவைக்கொடி ரெண்டு மாசமா சுத்திக்கினு கெடக்குது, ஒரு எல கூட அறுந்து வுழல, அப்புறம் ஆளு எப்டிப்பா மேல ஏறுனான் என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. ஆவணியிலிருந்தே தெற்குத் தெருப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு, அர்ச்சனா மகளுக்கு இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள். அர்ச்சனாவை உனக்குத் தெரியாது, தெற்குத் தெருவுக்கு மருமகளாக வந்த பெண். நாங்கள் பழியைப் பானிபூரி வண்டிக்காரர் மேல் போட்டு ஊருக்குள் வரக்கூடாது என்று விரட்டியிருந்தோம், விரட்டியதில் முதல் ஆள் நான்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பஞ்சாயத்து ஆபீஸ் தம்பி என் காதருகே குனிந்து, பரிசீலிக்கிறோம்னு சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிடுங்கம்மா என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் கூட்டம் முடிந்து டீயும் பிஸ்கெட்டும் வந்திருக்கும். அது வாய்வரைக்கும் வந்துவிட்டது, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் முன் வரிசையில் அர்ச்சனா மடியில் அந்தக் குழந்தை வாடிப்போய்ச் சாய்ந்திருந்தது. எனக்குத் தெரியாது, நான் பெயின்ட்டைத்தான் பார்த்தேன், டேங்க்கைப் பார்க்கவில்லை என்றேன். வீடியோவில் இருப்பது அதில் முதல் வார்த்தை மட்டும்தான்.

வீட்டுக்கு வந்ததும் நான் போட்ட சத்தத்தில் பசுமாடு கூட கயிற்றை இழுத்தது. கொடியைப் பார்த்தவர் வீட்டிலேயே சொல்லியிருக்கக்கூடாதா, சாப்பாடு போட்டவள் ஊர் முன்னால் விழித்ததைப் பார்க்க ஆசையா என்று கேட்டேன். வூட்டுல சொன்னா நீ எம்மேல பாஞ்சிருப்ப, அங்க கேட்டாதான் ஆபீஸ்காரன் காதுலயும் வுழும் என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அதோடு பேச்சு நின்றது. மறுநாள் காலையில் நீ பீரோவில் விட்டுப்போன நீலச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு டேங்க்குக்குப் போனேன், சிரிக்காதே, கொஞ்சம் இறுக்கம், மற்றபடி சரியாகத்தான் இருந்தது. எனக்கு முன்னால் உன் அப்பா அரிவாளோடு அங்கே நின்று கோவைக்கொடியை அறுத்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஏறி இறங்கும்வரை ஏணியின் அடியை விட்டு நகரவும் இல்லை. மேலே மூடி ஒரு பக்கம் விலகிக் கிடந்தது, தண்ணீரை இறக்கிப் பார்த்தால் கணுக்கால் அளவுக்குச் சேறு, சுவரெல்லாம் பாசி, காக்கை கொண்டுவந்து போட்ட எலும்பு வேறு. இந்தத் தண்ணீரில்தான் நானும் காபி போட்டுக் குடித்திருக்கிறேன். பிள்ளைகளின் வயிற்று நோவுக்கு இதுதான் காரணமா என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை, என் மனசுக்கு டாக்டர் சொல்ல வேண்டியதும் இல்லை. அன்றைக்கே இரண்டு ஆளை வரவழைத்து, நான் மேலேயே நின்று கழுவ வைத்தேன்.

டேங்க் ஆபரேட்டர் தங்கவேல் அன்று சாயங்காலம் வாசலில் வந்து நின்றார், நிரந்தரம் ஆகாமல் பதினான்கு வருஷமாகத் தினக்கூலிக்கு வவுச்சரில் வேலை பார்க்கிறாரே, அவர்தான். போன தையில பாதி ஏணியில தல சுத்திடுச்சிக்கா, கண்ண மூடிக்கினு தொங்கினேன், வெளிய சொன்னா லாயக்கு இல்லன்னு எடுத்துடுவாங்க, கீழ இருந்தே மருந்து கலந்துகினு தேதிய மட்டும் மாத்திட்டேன் என்று அழுதார். அறையலாம் போலக் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது, இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பொறுப்பு யாருடையது என்று ஆபீசில் எழுதிக் கேட்டார்கள். பார்க்காமல் அறிக்கை படித்தவள் என்று என் பெயரை முதலில் எழுதினேன், கீழே தங்கவேல் பெயரையும் எழுதினேன், மறைக்கவில்லை. கூடவே, ஏறுகிற வேலைக்கு வேறு ஆள் தாருங்கள், வால்வும் மருந்தும் தங்கவேலிடமே இருக்கட்டும், அந்தக் கையைப் போலச் சுத்தமாகத் தண்ணீர் திறக்க இன்னொரு கை ஊரில் இல்லை என்றும் எழுதினேன். இனிமேல் குழுவில் ஒருவர் மேலே ஏறிக் கண்ணால் பார்த்த பிறகுதான் தூணில் தேதி எழுத வேண்டும் என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். அதற்கு நான்தான் முதல் ஆள், வயதைச் சொல்லி என்னைத் தடுக்காதே.

பன்னிரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் சபையைக் கூட்டினேன். யாரும் கூட்டச் சொல்லவில்லை, நானே கூட்டினேன். டேங்க்கில் என்ன இருந்தது என்பதை எலும்பு உட்பட ஒன்றுவிடாமல் வாசித்தேன். பானிபூரிக்காரரிடம் நானே போய் மன்னிப்புக் கேட்டதையும் சொன்னேன். தங்கவேல் தானாகவே எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார். கடைசியில், நீ சொன்னபடியே, நான் தலைவியாக இருப்பதில் யாருக்காவது மனக்குறை இருந்தால் இப்போதே எழுதித் தந்துவிடுகிறேன் என்று பேனாவை எடுத்தேன். சத்தியமாக எடுத்தேன் அருள். அர்ச்சனா எழுந்தாள், அவள் திட்டினால் வாங்கிக்கொள்வது என்று நினைத்துக்கொண்டேன். இன்னா அத்த நீங்க, நீங்க போயிட்டா அடுத்து வர்றவங்க தெரியாதுன்னு சொல்லவே மாட்டாங்க, உக்காருங்க, எங்க தெருவுக்கு சாயங்காலத் தண்ணி எப்ப வரும், அதச் சொல்லுங்க என்றாள். பதில் சொல்ல அரை மணி நேரம் ஆனது, விடாமல் கேட்டாள், நன்றாகக் கேட்டாள்.

அன்று பொழுது சாயும்போது உன் அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நானே வலியப் போய்ப் பேசினேன். அன்றைக்கு நான் பரிசீலிக்கிறோம் என்று சொல்லி உங்களை உட்கார வைத்திருந்தால் என்ன பண்ணியிருப்பீர்கள் என்று கேட்டேன். நீ சொல்லமாட்டன்னு தெரியும்டி, வேற யாராவது அங்க நின்னிருந்தா நான் எழுந்திரிச்சே இருக்கமாட்டேன், கேட்டு இன்னா பிரயோஜனம் என்றார். முப்பத்தொரு வருஷத்தில் அந்த மனுஷர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை, அதையும் மாட்டைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது, உள்ளே போய் அழுதுவிட்டு வந்து தோசை வார்த்தேன். அவமானம் என்று நினைத்து நீ அழுதாயே கண்ணே, அந்த வீடியோவை அழித்துவிடாதே, நாளைக்கு உனக்குப் பிறக்கிற பிள்ளைக்குக் காட்டு.

நீயும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டு, பதில் சொல்லிக்கொண்டு, நூறு வயது நிறைவாக வாழவேண்டும். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட மறக்காதே, காபி குடித்துவிட்டுப் போடுகிறாய் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார்.

உன் அம்மா,
கு. செல்வகுமாரி,
தலைவி, குடிநீர்க் குழு