கடைசிப் பக்கம் என்னிடம்

1973, ஆடி மாதம், செவ்வாய் இரவு

இந்தச் சேரங்கோடு எஸ்டேட்டில் எந்தப் படக்கதையை யார் படிக்கலாம் என்று சொல்பவன் நான்தான். கடைசிப் பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொண்டுதான் புத்தகத்தைக் கொடுப்பேன். முடிவு வேண்டுமென்றால் முறுக்கு வர வேண்டும்.

சிலோனிலிருந்து வந்த செல்வத்துக்குத் தோணிக் கதையைச் சிபாரிசு செய்தேன். அதில் ஒருவன் அக்காவைத் தேடித் திருட்டுத்தனமாகக் கடல் தாண்டுவான். செல்வத்தின் அக்காவும் சிலோனிலேயே தங்கிவிட்டவள்.

"முறுக்கு எங்கடா?" என்று நேற்று கேட்டேன்.

"முடிவு வேணாம்டா, எனக்கே தெரியும்" என்று சிரித்தான்.

இன்று சாயங்காலம் அவன் அம்மா மழையில் நனைந்துகொண்டு வந்தார். "தம்பி, செல்வம் இங்க வந்தானா? ராமேஸ்வரத்துக்கு எப்படிப் போறதுன்னு கண்டக்டர்கிட்ட கேட்டிருக்கான்."

வரவில்லை என்று தலையாட்டினேன்.

கடைசிப் பக்கம் என் தலையணைக்கடியில் இருக்கிறது. அதில் கவிழ்ந்த தோணி மட்டும் மிதக்கிறது.