சாதாரணக் காய்ச்சல் என்றீர்களே, அண்ணா

அண்ணா,

அண்ணி கூரியரில் ஒரு புகைப்படம் அனுப்பியிருக்கிறார். உங்கள் முதலாண்டு நினைவு மலரின் அட்டையில் இதைத்தான் போடப்போகிறார்களாம். மேடையில் நீங்கள் வெள்ளை வேட்டி சட்டையில், ஒரு கோழிக்காலைக் கடித்தபடி சிரிக்கிறீர்கள். பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நான். "உங்க அண்ணனைப் பத்தி நல்லதா ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க கண்ணு" என்று அண்ணி போனில் கேட்டார்.

காலையிலிருந்து படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நல்லதாக ஒன்றும் வரவில்லை. வருவதையெல்லாம் மலரில் போட முடியாது. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். 'நீங்கள்' என்று எழுதுவது பழக்கதோஷம். அதை மரியாதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வடக்கே பறவைக் காய்ச்சல் வந்து கோழிகளைக் கொன்று குழியில் புதைத்த வருடம் அது. டி.வி.யில் அந்தக் காட்சி வந்த மறுநாளே திருப்பூர் கறிக்கடைகளில் ஆள் இல்லை. உங்களுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி, வெள்ளகோவில் பக்கம் கோழிப்பண்ணை. கம்பெனியை விடப் பண்ணைதான் உங்களுக்கு உயிர். விற்காத கோழிகள் கொட்டகையில் பெருத்துக்கொண்டே போயின. நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அண்ணி அழுதார். அந்தப் பயம் பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். சுற்றுவட்டாரத்தில் எத்தனை குடும்பங்கள் கோழியை நம்பிக் கிடந்தன என்பதும் தெரியும். தெரிந்துகொண்டேதான் இதை எழுதுகிறேன்.

அப்போது நான் பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் இருந்தேன். லீவில் வந்தபோது உங்கள் கம்பெனி ஆபீசில் வைத்து என் லேப்டாப்பில் ஒரு சின்ன வீடியோ காட்டினேன். ஆபரேஷனில் வெட்டி எடுக்கும் மூச்சுக்குழாய்த் துணுக்குகளை, நோயாளிகளின் சம்மதத்தோடு, ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கிவருவோம். அவற்றிலிருந்து செல்களைப் பிரித்து, பொடித்துளைகள் உள்ள ஒரு மெல்லிய சவ்வின் மேல் வளர்ப்போம். அடியில் சத்து நீர், மேலே வெறும் காற்று. நம் மார்புக்குள் இருப்பது போலவே. வாரக்கணக்கில் காத்திருந்தால் அந்தச் செல்களில் நுண்ணிய முடிகள் முளைத்து ஆட ஆரம்பிக்கும். சளிகூடச் சுரக்கும். அதைத்தான் நீங்கள் திரையில் பார்த்தீர்கள்.

"காத்தடிச்ச சோளக்காடு மாதிரி இருக்குதே கண்ணு" என்றீர்கள்.

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது! எங்கள் டைரக்டர்கூட அப்படிச் சொன்னதில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்காக உங்களை மன்னித்துவிடலாமா என்று பல தடவை யோசித்திருக்கிறேன்.

அடுத்த கேள்வி உடனே வந்தது. "இதுல கோழிக் கிருமி புடிக்குதா, புடிக்கலியா?"

நிதானமாகச் சொன்னேன். மனிதர்களுக்கு வழக்கமாக வரும் ஃப்ளூ வைரஸை அந்தச் செல்களின் மேல் விட்டால் மளமளவென்று பரவும். கோழிகளுக்கு வரும் வகைகளில் அவ்வளவு கொடூரமில்லாத ஒன்றைத்தான் நாங்கள் விட்டுப் பார்த்தோம். அது அப்படிப் பரவவில்லை. ஆனால் முடியுள்ள செல்களுக்குள் அது நுழையத்தான் செய்தது. நுரையீரலின் ஆழத்தில் என்ன செய்யும் என்பதை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. டி.வி.யில் வரும் கொடிய வகையை எங்கள் ஆய்வகத்தில் தொடவே அனுமதி இல்லை.

"சுருக்கமாச் சொல்லு. பரவலை. அவ்வளவுதான?"

"அவ்வளவு இல்லீங்கண்ணா. உள்ள போகுது. செத்த கோழியக் கையில எடுக்கறவங்களுக்கு நல்ல மாஸ்க் குடுக்கோணும். காய்ச்சல்னா உடனே டாக்டர்கிட்டக் காட்டோணும்."

நீங்கள் தலையாட்டினீர்கள். உங்களுக்குப் பின்னால் அலமாரியில் மாஸ்க் பெட்டிகள் அடுக்கியிருந்தன. பனியன் வாங்கும் வெளிநாட்டு பையரிடமிருந்து ஆடிட்டுக்கு ஆள் வரும் நாளில் உங்கள் டெய்லர்கள் எல்லோர் முகத்திலும் அவை இருக்கும். ஆடிட்டர் கார் கேட்டைத் தாண்டியதும் பெட்டிக்குத் திரும்பிவிடும். அவற்றில் ஒன்றுகூடப் பண்ணைக்குப் போகவில்லை. பண்ணையாட்களுக்கு நீங்கள் அனுப்பியது கட்டிங்கில் மிஞ்சிய பனியன் துணி, ஒரு மூட்டை. அதை மூக்கில் கட்டிக்கொண்டுதான் பண்ணையாள் மாரிமுத்து செத்த கோழிகளைப் பொறுக்கினார்.

பிறகு அந்த மேடை. ஊராரின் பயத்தைப் போக்கக் கோழி வளர்ப்போர் சேர்ந்து இலவச பிரியாணி போட்டார்கள். வரிசை ரோடு வரை நின்றது. "என்ற தங்கச்சி பெங்களூர்ல விஞ்ஞானி. மனுசனோட மூச்சுக்குழாயையே கண்ணாடிக்குள்ள வளத்தி, கோழிக் கிருமியை விட்டுப் பாத்திருக்குது" என்று அறிமுகப்படுத்தி என் கையில் மைக்கைக் கொடுத்தீர்கள். "எங்கள் செல்களில் அது எளிதாகப் பரவவில்லை, ஆனால்" என்றேன். மைக் செத்துவிட்டது. மேடைக்குக் கீழே மைக் செட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டை கிழியக் கத்தி மீதியைச் சொன்னேன். மேளக்காரர்கள் அடிக்க ஆரம்பித்தார்கள். நீங்கள் கோழிக்காலைக் கடித்தீர்கள். யாரோ படம் எடுத்தார்கள். அட்டைக்கு அண்ணி தேர்ந்தெடுத்திருப்பது அந்த நொடியைத்தான்.

இரண்டொரு நாளில் மாரிமுத்துவின் மனைவி பாண்டியம்மாள் உங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு வந்தார். ராமநாதபுரத்துப் பக்கமிருந்து பிழைக்க வந்து பண்ணையிலேயே குடியிருந்த குடும்பம். நீங்கள் வீட்டில் இல்லை. அண்ணி என்னைக் கைகாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

"அவருக்குக் காச்ச நெருப்பாக் கொதிக்குதும்மா. மேமூச்சு வாங்குது. தீவன ரூம்ல படுக்கப் போட்டுருக்காக. வெளிய கூட்டிட்டுப் போகக்கூடாதுன்னு மொதலாளி சொல்லிட்டாராம், வாட்ச்மேன் கேட்டத் தொறக்க மாட்டேங்காரு."

கம்பெனி வேன் டிரைவரை அழைத்துக்கொண்டு, பாண்டியம்மாளையும் ஏற்றிக்கொண்டு உடனே கிளம்பினேன். தீவன மூட்டைகளுக்கு நடுவே சாக்கில் படுத்திருந்தார் மாரிமுத்து. உதடு நீலம் பாய்ந்திருந்தது. நானும் டிரைவரும் அவரைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும்போது உங்கள் கார் கேட்டில் குறுக்கே நின்றது. வாட்ச்மேன் போன் செய்திருக்க வேண்டும்.

"எங்க கண்ணு போற?"

"கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குங்கண்ணா."

"மெடிக்கல் ஷாப்காரரை வரச் சொல்லி ஊசி போட்டாச்சு. சும்மா சளி. இப்ப இவன் ஆஸ்பத்திரிக்குப் போனான்னா நாளைக்குப் பேப்பர்ல என்ன வரும்னு தெரியுமா? இந்த ஏரியாவுல ஒரு பண்ணை தப்பாது."

"மூச்சு விட முடியலீங்கண்ணா அவருக்கு."

"நீதான மேடையில சொன்ன, மனுசனுக்குப் பரவாதுன்னு?"

இதை என் முகத்தைப் பார்த்துக் கேட்டீர்கள். சிறு வயதில் என்னை சைக்கிளில் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்ட அதே முகம். எனக்கு அப்போது வந்தது கோபமில்லை, அருவருப்பு. "காரை எடுங்க. இல்லீன்னா இவரைத் தூக்கிட்டு ரோட்டுல நடப்பேன். பேப்பர்காரங்க தானா வருவாங்க" என்றேன். அவருக்காக நகர்த்தாத காரைப் பேப்பருக்குப் பயந்து நகர்த்தினீர்கள்.

ஆஸ்பத்திரியில் தனி வார்டில் வைத்தார்கள். தொண்டையிலிருந்து சாம்பிள் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். நிமோனியா முற்றிவிட்டது, கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் சாதாரண மருந்துகளே கேட்டிருக்கும் என்று டாக்டர் வருத்தப்பட்டார். முடிவு வருவதற்குள் மாரிமுத்து போய்விட்டார்.

நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தது முடிவு வந்த அன்று. பறவைக் காய்ச்சல் இல்லை என்று டாக்டர் சொன்னதும் வராந்தாவிலேயே போனை எடுத்தீர்கள். "நெகட்டிவ்ங்க. ஆமாங்க, நெகட்டிவ். எல்லார்த்துக்கும் சொல்லிருங்க." ஒருவர் பின் ஒருவராக அழைத்துச் சொன்னீர்கள். உங்கள் குரலில் அப்படி ஒரு பூரிப்பை உங்கள் மகள் பிறந்தபோதுதான் கேட்டிருக்கிறேன். உடலை வாங்கக் காத்துப் பாண்டியம்மாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பேசி முடித்துவிட்டு அவரிடம் போனீர்கள். நல்ல சேதி சொல்லப் போகிற ஆள் போலத்தான் போனீர்கள்.

"பயப்படாதீங்க. அந்தக் காய்ச்சல் இல்லியாம். சாதாரணக் காய்ச்சல்தான்."

அவர் உங்களை நிமிர்ந்து பார்த்தார். "சாதாரணக் காச்சன்னா எதுக்குங்கய்யா செத்தாரு?"

 கார் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டீர்கள்.

அதன் பிறகு நான் உங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. கோழி விற்கத் தொடங்கியது, நீங்கள் புதிதாக இன்னொரு கொட்டகை போட்டீர்கள், ஊரில் பெரிய மனிதரானீர்கள். பாண்டியம்மாள் திருப்பூரில் வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறார். ஒரு தடவை போய்ப் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்தார். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எப்போதாவது நீங்கள் போன் செய்வீர்கள். "இன்னும் கோபமா கண்ணு? அதான் அந்த நோய் இல்லீன்னு ஆயிப்போச்சல்ல?" என்பீர்கள். கடைசி வரை உங்களுக்கு அது புரியவேயில்லை. அல்லது புரிந்தும் அப்படிப் பேசினீர்கள். இரண்டில் எது என்று கேட்டிருக்கலாம். கேட்க எனக்கு விருப்பமில்லை. உங்களுக்கு மாரடைப்பு வந்தபோது நாலா பக்கமிருந்தும் ஆட்கள் ஓடி வந்தார்கள், கால் மணி நேரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், அப்படியும் உயிர் நிற்கவில்லை என்று அண்ணி சொல்லி அழுதார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை.

செத்தவரிடம் கோபம் கூடாது என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். உயிரோடிருந்தபோது உங்களிடம் காட்டிய கோபத்தைச் செத்துவிட்டீர்கள் என்பதற்காக எப்படித் திரும்ப வாங்கிக்கொள்வது? உங்கள் முகமும் சைக்கிள் மணியும் கொஞ்சம் கொஞ்சமாக எனக்கு மங்கிக்கொண்டு வருகின்றன. மங்காமல் இருப்பது காங்கேயம் ரோட்டில் அந்த வேனில் போனதுதான். மாரிமுத்து என் தோளில் சாய்ந்திருந்தார். ஒவ்வொரு மூச்சையும் இழுத்து இழுத்துத்தான் எடுத்தார். "சன்னலத் தொறந்து விடுங்கம்மா, காத்தே வரமாட்டேங்குது" என்று வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

எல்லா ஜன்னலும் திறந்துதான் இருந்தன, அண்ணா.