கவிஞர் சிலையருகே பாடியதற்காகப் பறிக்கப்பட்ட அனுமதி அட்டை

அனுப்புநர்:
ரிஸிகி மகாமே,
கஞ்சிக் கடை, மரத்துறை வாசல்,
மிகோகோனி.

பெறுநர்:
உயர்திரு நகராட்சி ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்,
மிகோகோனி.

பொருள்: கவிஞர் சலூம் கிப்வானா நினைவுப் பூங்காவின் அமைதிப் பலகையை அகற்றவும், என் பேத்தி சுபிராவின் துறை அனுமதி அட்டையைத் திருப்பித் தரவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கப்பலிலிருந்து மரம் இறக்கும் எங்கள் மரத்துறையை ஒட்டிக் கவிஞருக்குச் சிலையும் பூங்காவும் அமைத்துக் கொடுத்தீர்கள். மூக்கு அவருடையது போலவே வந்திருக்கிறது. அதற்கு நன்றி.

2. கவிஞர் சுமை தூக்கியவர் அல்ல, துறையில் எடை எழுதிய குமாஸ்தா. எழுதிய பாட்டைக் கப்பலடிக்குக் கொண்டுவந்து சுமையாட்களைப் பாடிப் பார்க்கச் சொல்வார். மூச்சு எட்டவில்லை என்றால் அங்கேயே வரியை வெட்டிவிடுவார். அதனால்தான் அவர் வரிகள் குட்டையாக இருக்கின்றன. "கடல் தந்ததைத் தோளே வாங்கு, ஹாயா" என்று ஒருவர் குரல் கொடுக்க, அந்த "ஹாயா"வில் ஒரு மரத்துக்கு நிற்கும் எட்டுப் பேரும் ஒன்றாகத் தூக்குவார்கள். அவர் இறந்த பிறகும் துறையில் வேலை இப்படித்தான் நடக்கிறது. சிலைக்குக் கீழே கல்லில் அதே பாட்டை வெட்டியிருக்கிறீர்கள். பொருளில்லாத சொல் என்று "ஹாயா"வை மட்டும் விட்டுவிட்டார்களாம்.

3. இப்போது அந்தக் குரல் கொடுப்பவள் சுபிரா. இந்தத் துறையில் அந்த வேலைக்கு வந்த முதல் பெண் அவள்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, என்றாலும் சொல்லிவைக்கிறேன்.

4. பூங்கா திறந்ததும் "நினைவிடம், அமைதி காக்கவும்" என்று பலகை வைத்தார்கள். சிலைக்கும் கப்பலைக் கட்டி நிறுத்தும் இடத்துக்கும் நடுவே ஒரு வேலிதான். சென்ற திங்கட்கிழமை பலகைக்குக் கட்டுப்பட்டு, பாடாமல், கைச்சாடையில் தூக்கினார்கள். குனிந்திருந்தவர்களுக்குச் சாடை தெரியவில்லை. முன்னால் நின்றவர்கள் தூக்கினார்கள், பின்னால் நின்றவர்கள் தூக்கவில்லை. மரம் உருண்டு, பின்னால் நின்ற சுமையாள் ஷாமேயின் இடது பாதத்தில் விழுந்தது. எலும்பு முறிந்து அவர் மருத்துவமனையில் இருக்கிறார்.

5. அடுத்த மரத்துக்குச் சுபிரா பாடினாள். பூங்காக் காவலர் வேலியருகே வந்து, "ஏம்மா, சத்தம் போடக்கூடாதுன்னு எழுதியிருக்குல்ல? ஐயா பாட்டு கல்லுலயே இருக்கு, வேணும்னா மனசுக்குள்ள படிச்சுக்க" என்றார். முன்வரிசையில் நின்ற மூசா, "கல்லப் பாத்துக்கிட்டே மரம் தூக்கறோம்ணே, நீங்க வந்து எங்க காலப் பாத்துக்குங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். காவலரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அவளுடைய அட்டையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நினைவிடத்தின் அமைதியைக் கெடுத்தாள் என்று அறிக்கை எழுதியிருக்கிறார். கவிஞரின் பாட்டைப் பாடி அவருக்கு எப்படி இடைஞ்சல் செய்ய முடியும் என்று அதில் எழுதவில்லை. காவலர் மீது எனக்குக் கோபம் இல்லை. பலகையில் உள்ளதைத்தான் அவர் செய்தார்.

6. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். பெரியவர்களை எப்படி நினைவுகூர வேண்டும் என்று தங்கள் அலுவலகத்தில் முறை இருக்கும். எங்களுக்குத் தெரிந்த முறை, அவர் பாட்டில் ஒருவருக்கும் அடிபடாமல் மரம் இறங்குவதுதான்.

7. ஆகவே பலகையை எடுக்கவும், அட்டையைத் திருப்பித் தரவும், கல்லில் விட்ட சொல்லைச் சேர்க்கவும் உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மூன்றும் முடியாதென்றால் கல்லை அப்படியே விட்டுவிடுங்கள், முதல் இரண்டும் போதும்.

8. வெள்ளிக்கிழமை அலையேற்றத்தில் மரம் ஏற்றிய அடுத்த கப்பல் வருகிறது. அட்டை இல்லாமல் சுபிரா உள்ளே போவது குற்றம் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அவள் போவாள். நான் தடுக்கப் போவதில்லை. தங்களுக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பதால் எழுதினேன்.

இடம்: மிகோகோனி
நாள்: 12.8.1987

பணிவுடன்,
ரிஸிகி மகாமே
(கையொப்பம்)