எந்தப் படிப்பு என்று கேட்கிறார்கள்

இன்று காலை ஆம்பூரில் எனக்கு முன்னால் பேருந்தில் ஏறிய பெண்ணின் துப்பட்டாவில் ஷூ ஒட்டும் பசையின் வாசம். ஒரு நொடி நீதான் என்று நினைத்துவிட்டேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது.

படிக்கச் சேர வேலூருக்குப் போய்க்கொண்டிருந்தேன். வழியிலேயே பயிற்சி நிலையத்திலிருந்து போன். "எம்.பி.ஏ.வா, சி.எஃப்.பி.யா மேடம்? இன்னிக்குச் சொல்லிடுங்க." "நேர்ல வந்து சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். நீ இருந்திருந்தால் போனைப் பிடுங்கிச் சொல்லியிருப்பாய்.

ஷூ கம்பெனியின் சம்பளப் பிரிவில் நமக்குப் பக்கத்துப் பக்கத்து மேசை. தையல் பிரிவு செல்வியக்கா வேலையை விட்டபோது, வந்த பி.எஃப். பணத்தை அப்படியே ஒரு ஏஜென்ட் காட்டிய பாலிசியில் போட்டுவிட்டார். மகளைக் கல்லூரியில் சேர்க்கும் நேரத்தில் அதை எடுக்க முடியவில்லை. நீ எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு அந்த ஏஜென்டிடம் போனாய். அவர் சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைக் காட்டி, "நான் பரீட்சை எழுதி பாஸ் பண்ணவன்மா" என்றார்.

"இன்னா பரீட்சை சார்? விக்கறதுக்கா, அவங்களுக்கு எது சரின்னு சொல்றதுக்கா?" என்றாய் நீ.

செல்வியக்கா உன் கையைப் பிடித்து, "வாம்மா, போலாம்" என்றார்.

வெளியே வந்ததும், "நாமளே படிக்கலாம்டி" என்றாய். சீக்கிரம் முடிகிறதே என்று நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட் பரீட்சையைப் பிடித்துக்கொண்டேன். எம்.பி.ஏ. என்றால் ஊரில் மதிப்பு என்றும் சொன்னேன். உனக்கு இரண்டும் பிடிக்கவில்லை. நிதித் திட்டமிடலுக்கென்றே இருக்கும் சி.எஃப்.பி.தான் வேண்டும் என்றாய். வரி, காப்பீடு, ஓய்வுக்காலம், உயில் என்று ஒரு குடும்பத்தை முழுசாக வைத்துப் பார்க்கச் சொல்லித்தரும் படிப்பு அது.

"அந்தப் பேரே இங்க யாருக்கும் தெரியாதே" என்றேன்.

"தெரிய வெப்போம்."

சேர்ந்தே சேருவது என்று முடிவானது. நான் ஏஜென்ட் பரீட்சையை எழுதி முடித்தேன். அதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்தது. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்து, உன் பி.எஃப்., இன்சூரன்ஸ் பணமெல்லாம் வந்தபின் உன் வீட்டுக்காரர் மகனோடு வந்தார். "எதத் தொடாம இவன் படிப்புக்கு வெக்கணும், எத இப்ப எடுக்கலாம்? அவ இருந்தா சொல்லுவா. நீங்க சொல்லுங்க சிஸ்டர்."

பாஸ் ஆனவள்தான் நான். அவருக்குப் புதிதாக ஒரு பாலிசி விற்கத் தெரியும். கேட்டதற்குப் பதில் தெரியவில்லை. "கேட்டுச் சொல்றேண்ணா" என்று அனுப்பிவிட்டு, யாரைக் கேட்பது என்று உட்கார்ந்திருந்தேன்.

இன்று பயிற்சி நிலையக் கவுன்ட்டரில் இருந்த பெண், "சி.எஃப்.பி.ய பாதில விட்றவங்க ஜாஸ்தி மேடம். எம்.பி.ஏ.ன்னா வேல மாத்திக்கலாம்" என்றாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. என் வயது, வீட்டு வேலை, ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எல்லாம் கண் முன்னால் ஓடின. சி.எஃப்.பி. என்று சொல்லிவிட்டேன்.

வெளியே வந்து உன் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "படிக்கச் சேந்துட்டேண்ணா. நான் முடிக்கிற வரைக்கும் யார் வந்து இன்னா சொன்னாலும் கையெழுத்து போட்றாதீங்க."

"அவளும் இதத்தான் சொல்லியிருப்பா" என்றார்.

திரும்பும்போது இடம் இருந்தும் உட்கார முடியவில்லை. ஆம்பூர் வரை நின்றுகொண்டே வந்தேன். உன் அவசரம் இப்போது என்னிடம் இருக்கிறது. உன் மகன் பள்ளியை முடிப்பதற்குள் நான் இதை முடித்தாக வேண்டும்.