நீர் குடித்த ஓப்பல்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் டூர்மலின் ஒன்றைப் பட்டை தீட்டி முடித்தேன். ஒரு பக்கம் பார்த்தால் இலைப்பச்சை, திருப்பினால் கிட்டத்தட்ட கறுப்பு. எந்தப் பக்கத்தை மேலே வைப்பது என்று தெரியாதவர் கையில் சிக்கியிருந்தால் கரித்துண்டாகியிருக்கும். என்னிடம் வந்தது, பிழைத்தது.

மாலையில் தங்கை வந்தாள். விரலில் ஓப்பல் மோதிரம். கட்டிக்கொள்ளப் போகிறவன் கொடுத்தது. பால் வெள்ளைக்குள் சிவப்பும் பச்சையும் ஓடுகின்றன. கல் அருமை. ஆள்தான் — பழைய இயந்திரங்கள் வாங்கி விற்க ஊர் ஊராகச் சுற்றுகிறவன். வாய் ஓயாது; நான் வைத்த பெயர் வானொலி.

“இதுக்காக அவரே சுரங்கத்துக்குள்ள இறங்கினாராம்க்கா!”

“இறங்கியிருப்பாரு. நீ நீச்சல் சொல்லிக்கொடுக்கப் போறப்ப கழட்டி வச்சிடு. ஓப்பலுக்குத் தண்ணி ஆகாது.”

“சரிக்கா.” அந்தச் சரியின் லட்சணம் எனக்குத் தெரியும்.

மார்ச் 9, ஞாயிறு

வானொலி சாப்பிட வந்தான். காது வலிக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

தங்கை மோதிரத்தை என் மேசைமேல் எறிந்தாள். கல்லில் நிறமே இல்லை. உறைந்த தண்ணீர்த்துளி போல இருந்தது.

“பாருக்கா, வெறும் கண்ணாடி! பூசியிருந்த கலரெல்லாம் நீச்சல் குளத்துல போயிடுச்சு. அவன் சாயமும் சேர்ந்து வெளுத்துடுச்சு. கல்லே பொய்னா, அவன் சொன்ன மத்ததெல்லாம்? கல்யாணமே வேண்டாம்னு சொல்லிடப் போறேன்.”

லென்ஸை வைத்துப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அசல் ஓப்பல். எல்லா ஓப்பலும் இப்படிச் செய்யாது. இந்த வகை பஞ்சு மாதிரி நீரை இழுத்துக்கொள்ளும்.

ஆனால் உடனே சொன்னேனா? இல்லை. அவளே வேண்டாம் என்கிறாள், நான் ஏன் குறுக்கே விழ வேண்டும்? அவனை எனக்கு என்றைக்குப் பிடித்தது? டீ ஆறும்வரை சும்மா இருந்தேன். சீ. இந்த மேசையில் உட்கார்ந்து எந்தக் கல்லைப் பற்றியும் நான் பொய் சொன்னதில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பது மட்டும் என்னவாம்?

“இது கண்ணாடி இல்லடி. கண்ணாடி தண்ணி குடிக்காது, இது குடிச்சிருக்கு. காய்ஞ்சா நிறம் திரும்பிடும்.”

“அப்ப ஹேர் டிரையர் போடு.”

“சூடு பட்டா விரிசல் விட்டுடும். தானா காயட்டும். அதுவரைக்கும் கல்யாணத்தைப் பத்தி அவன்கிட்ட எதுவும் பேசிடாதே.”

“நெஜமா திரும்புமா?”

“திரும்பலன்னா நானே வந்து கல்யாணத்தை நிறுத்தறேன்.”

மார்ச் 14, வெள்ளி

கல் மங்கலாகி, சுண்ணாம்புக்கட்டி போல இருக்கிறது. இது நல்ல அறிகுறி. தங்கைக்கு அது புரியவில்லை; நாளெல்லாம் போன். “காஞ்சிருச்சா?” இது என்ன துணியா, கொடியில் போட்டு எடுக்க?

மார்ச் 17, திங்கள்

எழுந்ததும் பல்கூடத் துலக்காமல் போய்ப் பார்த்தேன். சந்தேகமா? இல்லை. சும்மாதான்.

மார்ச் 22, சனி

காலையில் ஓரத்தில் ஒரு பச்சைக் கீற்று. மாலைக்குள் சிவப்பும் வந்துவிட்டது. தங்கை கல்லை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அழுதாள்.

“இத்தனை நாளா நான் அவர்கிட்ட முகம் கொடுத்தே பேசலக்கா.”

அவன் மறுபடியும் ‘அவர்’ ஆகிவிட்டான்.

மார்ச் 24, திங்கள்

வானொலி கடைக்கு வந்தான். வந்து, பேசாமல் நின்றான்! எனக்கே பயமாகிவிட்டது.

“சுரங்கத்துல எல்லாம் நான் இறங்கலக்கா. கடையிலதான் வாங்கினேன். கேக்க நல்லாயிருக்கட்டுமேன்னு சொல்லிட்டேன்.”

“தெரியும்.”

“அவகிட்டயும் சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னா?”

“மொதல்ல திட்டினா. அப்புறம் சிரிச்சா.”

கல்யாண மோதிரத்துக்கு எந்தக் கல் நல்லது என்று கேட்டான். அந்தப் பச்சை டூர்மலினை எடுத்து வைத்தேன். ஓப்பலைவிடக் கெட்டி. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் மெத்தென்ற பிரஷும் போதும், திடீர்ச் சூடு மட்டும் கூடாது. குளத்துக்குப் போட்டுக்கொண்டு போகச் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் மறந்துபோய்க் குதித்தாலும் அதன் முகம் மாறாது. ஓப்பலைக் கழுத்துக்குப் பதக்கமாக்கித் தருகிறேன், குளிக்குமுன் கழட்ட வேண்டியது அவள் பொறுப்பு என்றேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கடையில் என் மேசைக்கு எதிரே ஒரு நாற்காலி வாங்கிப் போட்டேன். மாப்பிள்ளை நின்றுகொண்டே கதை சொல்கிறார். அண்ணாந்து பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து வலிக்கிறது.