மஞ்சள் தூளுக்கு நான் சொன்ன பதில்

இன்று காலை எல்லர்ஸ்லியில், எங்கள் ஆய்வுகூடத்துச் சோதனை அடுப்பைத் திறந்தேன். உலோகத்துக்குப் பூசும் பூச்சுத் தூள் சூட்டில் இளகும் அந்த வாசனை வந்தது. சூடான பிளாஸ்டிக்கின் நெடி, அடியில் லேசான இனிப்பு. கதவை மூடிவிட்டு, ஒரு சாட்டுச் சொல்லி வெளியே வந்து நின்றேன். பாபகூராவில் உன் கராஜும் இப்படித்தான் மணக்கும்.

சின்ன வயதில் ஊரில் துப்பாக்கிச் சூட்டுச் சத்தம் கேட்டால் மேசைக்குக் கீழே ஒளிந்த சிநேகிதி நீ. நாற்பது வயதில் துப்பாக்கிக் கழகத்தில் சேர்ந்தாய். ஏனடி என்று கேட்டதற்கு, "இப்ப துவக்கு என்ர கையிலயெல்லோ இருக்கு" என்று சிரித்தாய். சுட்டு முடித்த வெற்றுத் தோட்டாக்களைப் பொறுக்கி வந்து, நீயே ஈயம் உருக்கி, முனையில் வைக்கும் குண்டான சன்னம் வார்த்து, மறுபடி நிரப்புவாய். ஈயம் கையிலும் குழலிலும் ஒட்டாதிருக்க அந்தச் சன்னங்களுக்குப் பூச்சு வேண்டும். தூளோடு ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி, சின்ன மின்சார அடுப்பில் சுடுவாய்.

ஈயத்துக்கு நீ அவ்வளவு பயந்தாய். கையுறை போடாமல் தொடமாட்டாய். கராஜுக்குள் தேத்தண்ணிகூடக் குடிக்கவிடமாட்டாய். உன் மகளையும் கணவரையும் வாசலைத் தாண்டவிட்டதில்லை. ஒவ்வொரு முறையும் அடுப்பைத் துடைத்துப் பளபளவென்று வைப்பாய்.

நீ பூச்சுக்குப் பாவித்த மஞ்சள் நிறத் தூளை நான்தான் தந்தேன். எந்தப் பூச்சில் என்ன இருக்கிறது, என்ன ஆபத்து என்று பாதுகாப்புத் தாள் எழுதுவது என் வேலை. கழிவுக்கு ஒதுக்கிய மாதிரிகளில் ஒரு போத்தல் அது. "எடியே, குலுக்கேக்க தூள் பறக்குது. மூச்சில போனா ஒண்டும் செய்யாதோ?" என்று கேட்டாய். தாளைப் பார்த்துவிட்டுப் பயமில்லை என்றேன். நீ அதற்குமேல் கேட்கவில்லை. ஊரெல்லாம் எதையும் இரண்டு தரம் விசாரிப்பவள், என்னிடம் ஒரு தரம்தான் கேட்டாய்.

நான் பார்த்தது புதிய கலவையின் தாள். போத்தலில் இருந்தது பழையது. அதன் மஞ்சள் நிறமியிலேயே ஈயம் இருந்தது. பழைய பதிவுகளைப் புரட்டும்போது ஒரு செவ்வாய்க்கிழமை அதைக் கண்டேன். போனில் சொன்னால் பதறுவாய், ஞாயிறு நேரில் சொல்வோம் என்று வைத்துக்கொண்டேன். உண்மையில் உன் முகத்துக்கு என்ன பதில் சொல்வது என்று யோசிக்க எனக்கு ஐந்து நாள் தேவைப்பட்டது.

வெள்ளிக்கிழமை நீ வேலையிடத்தில் விழுந்தாய். மூளையில் இரத்தக் கசிவு என்றார்கள். தூளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றுதான் நினைக்கிறேன். அப்படி நினைப்பது எனக்கு வசதி என்பதும் தெரியும். உன் செத்தவீட்டில் உன் கணவரிடம் வாய் திறக்கவில்லை. இனிச் சொல்லி யாருக்கு என்ன என்று எட்டு மாதம் இருந்துவிட்டேன்.

போன கிழமை அவர் போன் எடுத்தார். குசினி அடுப்பு பழுதாம். கராஜில் இருந்த சின்ன அடுப்பைச் சமைக்க உள்ளே வைத்து இரண்டு மாதமாம். "பிள்ளை அதிலதான் பிஸ்கட் சுடுறா. அம்மான்ர அடுப்பாம், வேற வாங்க விடுறாளில்லை," என்றார். நீ காட்டிய கவனத்தால், அந்த அடுப்பு எதற்கென்று அந்த வீட்டில் யாருக்குமே தெரிந்திருக்கவில்லை.

அதை உடனே நிப்பாட்டச் சொன்னேன். சன்னம் சுட்ட அடுப்பு, நான் தந்த தூளிலும் ஈயம் என்று காரணத்தையும் சொன்னேன். அவர் கேட்டார்:

"உங்களுக்கு இது எப்ப தெரியும்?"

"அவ உயிரோட இருக்கேக்கயே."

அவர் போனை வைத்துவிட்டார். அன்று பின்னேரமே பிள்ளையை வைத்தியரிடம் கூட்டிப்போனார். இரத்தம் எடுத்தார்கள். முடிவு இன்னும் வரவில்லை. அவளுக்குச் சில நாட்களாக வயிற்று நோ என்கிறார். ஈயத்தாலா, வேறு எதனாலுமா என்று ஒருவருக்கும் தெரியாது.

நேற்றுப் பார்க்கப் போனேன். அவர் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார். உன் மகள் படியில் இருந்தாள். என்னோடு எப்போதும் ஆங்கிலத்தில் பேசுகிறவள், தமிழில் கேட்டாள்:

"அந்தத் தூளில ஈயம் இருந்தது அம்மாவுக்குத் தெரியுமா?"

இல்லை என்றேன். அவள் முகம் தெளிந்தது. அம்மா மேல் பிழையில்லை என்பது அவளுக்குப் போதுமாக இருந்தது. அப்படியென்றால் யாருக்குத் தெரியும் என்று அவள் இன்னும் கேட்கவில்லை. கேட்பாள். இந்த முறை ஞாயிறுவரை காத்திருக்கமாட்டேன்.